பாராட்டு மடல் எழுதும் வக்கீல்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் மடல்

மதிப்பிற்குரிய வக்கீல் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. 34 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். கேஸ் கட்டுத் தூக்குவது, வாய்தா குறிப்பது, நகல் மனுவைப் போட்டுவிட்டு அது எப்போது வரும் என்று நடையாய் நடப்பது, இதுதான் பிழைப்பு. இதோடு இன்னொரு வேலையும் தலையில் வந்து விழுந்தது. மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போகிற நீதிபதிகளுக்கு வாசித்துக் கொடுக்கும் பாராட்டு மடலை அச்சுக்குக் கொடுத்து, பிழை பார்த்து, பிரேம் போட்டு, சாயங்கால விழாவுக்குள் மாலையோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எழுதுவது நீங்கள், சுமப்பது நான்.

வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. போன மாதம் இளம் வக்கீல் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். "அண்ணே, பழைய மடல் ஏதாவது இருந்தா குடுங்க, பேரை மட்டும் மாத்திக்கிறோம்" என்றார். ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

பேரை மட்டும் மாற்றுகிற கதை எனக்குப் புதிதில்லை. ஒரு விழாவில் முதல் பத்தியில் பேரை மாற்றினோம், கடைசிப் பத்தியில் மாற்றினோம், மூன்றாவது பத்தியில் மறந்துவிட்டோம். முன்னால் போனவரின் பெயர் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மேடையில் வாசித்தவர் அந்த இடத்தில் இருமி மழுப்பிவிட்டார். ஆனால் பிரேமுக்குள் இருந்ததே! வாங்கிக்கொண்ட நீதிபதி கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "பரவால்ல, அவரும் நல்லவர்தான்" என்றார். எந்த ஊர், எந்த கோர்ட் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிழை பார்த்தது நான்தான்.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது பெயருக்காக மட்டும் இல்லை. அந்தப் பெயரைச் சுற்றியிருந்த சொற்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலப் பொருந்தியதற்காக. "கண்டிப்பும் கனிவும் ஒருங்கே பெற்றவர். நடுநிலையின் இலக்கணம். நேர்மையின் சிகரம்." முன்னவரும் பின்னவரும் இரண்டு துருவம். வழக்காடியவர்களுக்குத் தெரியும், வாசலில் நின்ற டவாலிக்குக்கூடத் தெரியும். மடலுக்கு மட்டும் தெரியவில்லை.

பார் ரூமில் நீங்கள் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரே சொல்தான்: ஸ்ட்ரிக்ட். செல்போன் அடித்தால் பிடுங்கி வைத்துக்கொள்பவர் ஸ்ட்ரிக்ட். ஜாமீன் கொடுக்காதவர் ஸ்ட்ரிக்ட். பத்தரைக்கு டாண் என்று வந்து உட்காருபவரும் ஸ்ட்ரிக்ட், வாய்தா கேட்டால் மூஞ்சியைக் காட்டுபவரும் ஸ்ட்ரிக்ட். ஒரே பையில் கத்திரிக்காயையும் கருவாட்டையும் போட்டுக் கட்டினமாதிரி இருக்கிறது. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனியே சொல் இருக்கிறது. பேசும்போது எப்படியோ போகட்டும், எழுதி மாட்டுகிற இடத்திலாவது அவற்றைக் கொஞ்சம் பிரித்து எடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலில் கறார். கடையில் "கறார் விலை" என்று எழுதிப் போடுவார்களே, அதே சொல். அரபிலிருந்து உருது வழியாக வந்தது. முடிவு செய்து உறுதியாக்கியது, ஒப்பந்தம் என்று அர்த்தம். அதாவது கறாரில் கோபமே கிடையாது. தெரிந்தவர் வந்து கேட்டாலும், வாசலில் போகிறவர் வந்து கேட்டாலும் விலை ஒன்று. கத்துகிற கடைக்காரருக்குக் கறார் என்று பெயர் இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு ரூபாயும் குறைக்காதவர்தான் கறார்.

நான் பார்த்த ஒரு நீதிபதி, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஊரில் பெரிய வக்கீல் ஒருவர் மூன்றாவது தடவையாக வாய்தா கேட்டார். அதே நாளில் வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு பாட்டி, தன் கேஸில், தானே நின்று வாய்தா கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கலாம், இருங்க." பெரியவருக்கு முகம் சுருங்கியது. பாட்டிக்கும் சுருங்கியது, வெள்ளக்கரைக்குப் போகிற பஸ் போய்விடும் என்று. சுருங்கினதில்கூட வித்தியாசம் வைக்கவில்லை அவர். இவருக்குக் கறாரானவர் என்று எழுதினால் ஒத்துக்கொள்வேன்.

கண்டிப்பு வேறு. கண்டி என்றால் வெட்டு, துண்டாக்கு என்று பழைய பொருள். "கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லும்போது இழுக்காமல் வெட்டிச் சொல்கிறோம் இல்லையா, அந்தக் கண்டிப்பு. பிள்ளையைக் கண்டிப்பதும் இதே சொல்தான். இதில் வேடிக்கை, நம் சட்டத்துக்குள்ளேயே கண்டிப்பு ஒரு சலுகையாக உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1958இன் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 3ஆம் பிரிவு. முதல் தடவை சின்னத் திருட்டில் மாட்டிக் குற்றம் நிரூபணமானவனை, ஜெயிலுக்கு அனுப்பாமல், கண்டித்து விடுவிக்கலாம். அதற்கு அடுத்த பிரிவில் நன்னடத்தைப் பிணையில் விடலாம். ஆக அந்த இடத்தில் கண்டிப்பு என்பது தண்டனையைவிட மென்மையானது. மடலில் "கண்டிப்பானவர்" என்று எழுதும்போது நாம் நினைப்பது உருட்டலும் மிரட்டலும். அதற்குக் கெடுபிடி என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை மடலில் எழுத முடியாது என்பதால் கண்டிப்புக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட்டோம்.

கெடுபிடிக்காரர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். ஜூனியர் வக்கீல் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பாண்டு பட்டையைக் கோணலாகக் கட்டியிருந்தால் அரை மணி நேரம் போகும். சாட்சி கையைக் கட்டாமல் நின்றால் கத்துவார். நாங்கள் எல்லாம் அரண்டு போய் நிற்போம். ஆனால் குறிப்பிட்ட இரண்டு மூன்று பேர் உள்ளே வந்தால் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. அவர்கள் கேட்ட தேதி, அவர்கள் கேட்ட வாய்தா. இதற்கு நம்மிடம் முகதாட்சண்யம் என்று சொல் உண்டு. முகத்தைப் பார்த்து இரங்குவது. அவருக்கும் மடலில் "கண்டிப்பானவர்" என்றுதான் போட்டோம். அச்சடித்த கையோடு பிரேம் கடைக்கு எடுத்துப்போனவன் நான், எனக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இனி நடுநிலை. இந்தச் சொல்லை இவ்வளவு தேய்த்தது நாம்தான். உங்கள் கோர்ட் வாசல் போர்டைப் பாருங்கள், "நீதித்துறை நடுவர்" என்று எழுதியிருக்கிறது. பதவிப் பெயரிலேயே நடு இருக்கிறது. நடுவுக்கு எதிர்ச்சொல் ஓரம். ஔவையின் ஆத்திசூடி "ஓரம் சொல்லேல்" என்றுதான் முடிகிறது. ஒரு பக்கம் சாய்ந்து பேசாதே என்று அர்த்தம். அதே ஔவையின் நல்வழியில் "மன்றோரம் சொன்னார் மனை" என்று ஒரு பாட்டு முடியும். மன்றத்தில் ஓரம் சொன்னவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி வந்து குடியிருப்பாள் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஓரவஞ்சனையின் ஓரமும் இந்த ஓரம்தான். மருமகளுக்கும் மகளுக்கும் சோறு போடுவதில் தெரிகிற சொல் அது, நீதிமன்றத்துக்கு நாம் கடன் கொடுத்தது.

நடுநிலை என்றால் ஒன்றும் செய்யாமல் நடுவில் நிற்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போனால் தெரிந்துவிடும். முன்பெல்லாம் என் வீட்டுக்காரம்மா தட்டுத் தராசுக்காரியிடம் முதலில் சொல்வது, "காலித் தட்டைத் தூக்கிக் காட்டும்மா." அவர் தூக்குவார். இரண்டு தட்டும் காற்றில் ஆடி ஆடி நிற்கும். முள் நேராக வந்த பிறகுதான் எடைக்கல் இந்தப் பக்கம், சங்கரா மீன் அந்தப் பக்கம். இப்போது எல்லாம் எலெக்ட்ரானிக் தராசு. இருந்தாலும் பழக்கம் போகவில்லை. "முதல்ல சைபர் காட்டு, அப்புறம் மீனை வை" என்கிறார். ஈரத் தட்டு நாற்பது ஐம்பது கிராம் இழுத்துவிடும் என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

118ஆவது குறள் இதைத்தான் சொல்கிறது. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி." சமன் செய்வது முதலில், சீர்தூக்குவது அப்புறம். முதலில் தான் சமமாக நின்று, பிறகு தன் மேல் வைத்த பாரத்தை அளக்கிற தராசு என்று பரிமேலழகரும் உரை சொல்கிறார். காலித் தட்டைத் தூக்கிக் காட்டு என்பதும் அதேதான். நீதிபதி கட்டைப் பிரிக்கும் முன்னே தன் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறாரா என்பதுதான் நடுநிலை. நமக்கு அது வெளியே தெரியாது. சில பேரிடம் மட்டும் தெரியும். தெரிந்தவருக்கு மட்டும் அந்தச் சொல்லை எழுதுங்கள்.

செங்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023இல் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தாலும் வைத்தார்கள், அதிலிருந்து நான் பார்க்கிற மடலெல்லாம் "செங்கோல் வழுவாத" என்று தொடங்குகிறது. அது ராஜா கையில் இருக்கிற பொருள். மாஜிஸ்திரேட் கையில் ரெனால்ட்ஸ் பேனாதான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. செங்கோல் என்றால் நேரான கோல். கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். கொடு என்றாலே வளைவு. கோணல், கோட்டம், கோடுதல் எல்லாம் பக்கத்து வீட்டுச் சொற்கள். நாம் கொடுங்கோல் என்றதும் சவுக்கடியை நினைக்கிறோம். மொழி நினைப்பது வளைவை. கொடுமை என்கிற சொல்லே வளைவிலிருந்து வந்ததுதான். கடுமையாகத் தீர்ப்புச் சொன்னவரைக் கொடுமைக்காரர் என்று கட்சிக்காரர் திட்டும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். சொன்னது ரொம்ப நேராக இருந்ததே ஐயா, வளையவே இல்லையே.

எனக்கு மிகவும் பிடித்த சொல் தேர்தல். ஓட்டுப் போடுகிற தேர்தல் இல்லை, ஆராய்கிற தேர்தல். கண்ணகி பாண்டியனைக் கூப்பிட்டது "தேரா மன்னா" என்று. கொடியவனே என்று கூப்பிடவில்லை. விசாரிக்காதவனே என்றாள். அவ்வளவு ஆத்திரத்திலும் சரியான சொல்லைத் தேடி எடுத்திருக்கிறாள்.

நான் நேரில் பார்த்த தேர்தல் ஒன்று. முந்திரித் தோப்பில் வேலித் தகராறு. எங்கள் ஐயா, நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல், வாதி தரப்பு. எங்கள் சாட்சி கூண்டில் நிற்கிறார், பங்காளி முறை. வேலி எங்கே இருந்தது என்பதுதான் கேஸே. ஐயா கேட்டார். சாட்சி சொன்னார், "வேலி கெழக்கால இருந்தா மாதிரி இருந்துச்சுங்க." ஐயா டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "வேலி கிழக்கே இருந்தது" என்றார். வழக்கமாக அப்படியே போய்விடும். அன்றைக்கு மேலே நீதிபதியாக இருந்த அம்மா கையைத் தூக்கினார். "இருந்ததுன்னு சொல்லல. இருந்தா மாதிரின்னு சொன்னார். அதையே எழுதுங்க." அப்புறம் சாட்சியைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களா, பாத்த மாதிரியா?" சாட்சி எச்சில் விழுங்கினார். டைப் அடிக்கிற சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. "மாதிரிதாங்க" என்றார்.

அந்த "மாதிரி"யில் கேஸ் போயிற்று. தீர்ப்பு அன்றைக்கு எங்கள் கட்சிக்காரரைப் பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரும்வரை திட்டித் தீர்த்தார். யாரை? பங்காளியை. "பாத்தா பாத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே, என்ன மாதிரி!" நீதிபதியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. 34 வருடத்தில் தோற்றவர்கள் எத்தனையோ பேரை பஸ் ஏற்றியிருக்கிறேன். பெரும்பாலும் திட்டு விழுவது மேலே இருப்பவருக்கு, இல்லாவிட்டால் நமக்கு. சாட்சிக்குப் போனது எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அந்த அம்மாவுக்கும் நாம் கொடுத்த மடலில் "கண்டிப்பும் கனிவும்" என்றுதான் இருந்தது.

இதைச் சொல்லும்போது திருவெண்ணெய்நல்லூர் வழக்கைச் சொல்லாமல் விட முடியாது. இப்போது விழுப்புரம் மாவட்டம். 1993 வரை தென்னார்க்காடு, கடலூர்தான் தலைநகர், ஆகவே நம் எல்லைதான் என்று நான் உரிமை கொண்டாடுவேன். கல்யாணப் பந்தலில் வந்து நின்ற கிழவர், மாப்பிள்ளை சுந்தரர் எனக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, வெறும் நகல்; மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சபை கூடுகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபையார் கேட்பதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அனுபவம், பத்திரம், சாட்சி. இன்றைக்கும் நம் கட்டில் இருப்பது இந்த மூன்றுதானே? ஓலையை வாங்கிப் பிரித்துப் பழமை பார்த்து வாசிப்பவன் கரணத்தான் என்கிறவன், எங்கள் ஆள், அந்தக் காலத்துக் குமாஸ்தா. அந்த ஓலையை எழுதிக் கொடுத்தவர் சுந்தரரின் பாட்டனார். அவர் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது.

அந்தச் சபைக்கு மாப்பிள்ளை மேல்தான் இரக்கம் இருந்திருக்கும். வந்தவரோ முன்பின் தெரியாத வம்புக் கிழவர். கிழவர் சிவபெருமான் என்பது நமக்குத் தெரியும், தீர்ப்புச் சொன்னவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே சுந்தரரைப் பார்த்து, அவர் இயற்பெயரைச் சொல்லி, "நம்பியாரூரர் தோற்றீர்" என்றார்கள். மரியாதையாக "தோற்றீர்", ஆனாலும் தோற்றீர். இதைவிடக் கறாரும் கண்ணியமும் சேர்ந்த தீர்ப்பு வாசகம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாகக் கண். மடலின் மேல் மூலையில் போடுகிற படம் ஒன்று இருக்கிறதே, கண்ணைக் கட்டிக்கொண்டு தராசும் வாளும் பிடித்த அம்மா. அச்சுக்கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஒரு படம்தான் இருக்கும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் திறந்த சிலைக்குக் கண்கட்டு இல்லை. வாளுக்குப் பதில் கையில் அரசமைப்புச் சட்டம். செய்தியைப் படித்ததும் 541ஆவது குறள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை." கண் ஓடாமல். கண்ணைக் கட்டச் சொல்லவில்லை வள்ளுவர், ஓட விடாதே என்கிறார். தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கண் அந்தப் பக்கம் ஓடுகிறதே, அது கூடாது. கண் திறந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதைத் தேர்வது?

அதே வள்ளுவர் கொஞ்ச தூரம் தள்ளிக் கண்ணோட்டம் என்று ஒரு தனி அதிகாரமே பாடுகிறார். இன்றைக்கு நாம் பார்வை, கோணம் என்கிற பொருளில் எழுதுகிற கண்ணோட்டம் அவருக்கு இரக்கம். முதலில் கண் ஓடாதே, பிறகு கண் ஓடு என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நாள் எங்கள் ஐயாவிடம் கேட்டேன். அவர் 578ஐச் சொன்னார். "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு." தீர்ப்பு கெடாமல் இரங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்டா என்றார். குற்றமா இல்லையா என்று முடிவு செய்கிற வரைக்கும் கண் ஓடக் கூடாது. குற்றம்தான் என்று சொன்ன பிறகு, எவ்வளவு என்கிற இடத்தில் ஓடலாம். நன்னடத்தைச் சட்டத்தை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். நீங்கள் படித்தவர்கள், வேறு மாதிரியும் சொல்லலாம். கடிதோச்சி மெல்ல எறிக என்கிற குறளையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஓங்குவது வேகமாக இருக்கட்டும், அடி மெல்ல விழட்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். அடுத்த மடலுக்கு என் பழைய மடலை எடுத்துப்போன தம்பி அதைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அதற்குப் பதில் என் டைரிகளைத் தருகிறேன். வருடத்துக்கு ஒன்றாக 34 இருந்தது, இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. எந்த நாள் எந்த கோர்ட்டில் எந்த கேஸ், யார் வாய்தா கேட்டார்கள், கிடைத்ததா இல்லையா என்று நுணுக்கி எழுதியிருப்பேன். ஒருவருக்குக் கறாரானவர் என்று எழுத ஆசைப்பட்டால், அவர் யாருக்கெல்லாம் வாய்தா மறுத்தார் என்று அதில் பார்க்கலாம். பெரிய பெயர்களும் இருந்தால் எழுதுங்கள். சின்னப் பெயர்களாகவே இருந்தால் வேறு சொல் தேடுவோம், சேர்ந்தே தேடுவோம். ஒன்றும் அகப்படாவிட்டால் நேரத்துக்கு வந்தார், நன்றாகப் பழகினார் என்று எழுதிவிடலாம். அது உண்மையாக இருந்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பேரன் வருவான். மற்ற நாளில் சாயங்காலம் ஐந்துக்கு மேல் வாருங்கள். பிரேம் கடைக்கு நானே சொல்லிவிடுகிறேன், அச்சுக்கடைக்கும். அந்தக் கண்கட்டுப் படத்தை இந்தத் தடவை எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பழைய வக்கீல் குமாஸ்தா,
மஞ்சக்குப்பம், கடலூர்.